புகையிலைக் கட்டுப்பாட்டில் கண்காணிப்பும் மதிப்பீடும்: நீங்கள் சொல்லும் பதில் எவ்வாறு பயன்படுகிறது?

மருத்துவமனையில் பெயர், வயது, முகவரி ஆகியவற்றைப் பதிவு செய்த பின்னர் கேட்கப்படும் முதற்சில கேள்விகளுள் ஒன்று, புகையிலைப் பழக்கம் உண்டா என்பதாகும். இதே கேள்வியைக் காசநோய்ச் சிகிச்சை மையத்திலும், பல் மருத்துவரிடமும், வீடு தேடி வரும் கணக்கெடுப்பாளரிடமும் நீங்கள் எதிர்கொள்ளலாம். பலர் இதனை ஒரு சம்பிரதாயக் கேள்வியாகக் கருதி, ‘இல்லை’ என்று சொல்லிக் கடந்து விடுகின்றனர். சிலர் கண்டிப்புக்கு அஞ்சி மறைக்கின்றனர். வெற்றிலையுடன் சிறிது புகையிலை சேர்த்துக்கொள்வதைப் ‘பழக்கம்’ என்றே எண்ணாதவர்களும் உள்ளனர்.

இக்கேள்விக்கு நீங்கள் தரும் பதில் இரண்டு வழிகளில் பயன்படுகிறது. முதலாவதாக, உங்கள் சிகிச்சையை மருத்துவர் திட்டமிட அது உதவுகிறது. இரண்டாவதாக, நாட்டில் புகையிலைப் பயன்பாடு கூடுகிறதா, குறைகிறதா, அரசின் நடவடிக்கைகள் பலன் தருகின்றனவா என்பதை அறிய உதவும் தரவுகளும் இத்தகைய பதில்களிலிருந்தே உருவாகின்றன. அத்தரவுகள் எங்கிருந்து பெறப்படுகின்றன, அவற்றை எவ்வாறு புரிந்துகொள்வது, நோயாளியும் உடனிருப்போரும் அறிந்திருக்க வேண்டியவை யாவை என்பதை இப்பக்கம் விளக்குகிறது.

கண்காணிப்பு, மதிப்பீடு: இரண்டும் ஒன்றா?

இல்லை. இரண்டும் ஒன்றையொன்று சார்ந்தவை; ஆயினும் வேறுபட்டவை.

கண்காணிப்பு என்பது, ஒரே வகையான தகவலைக் குறிப்பிட்ட கால இடைவெளியில் தொடர்ந்து திரட்டுவதாகும். எத்தனை பேர் புகைக்கின்றனர், எத்தனை பேர் புகையிலையை மெல்லுகின்றனர், எந்த வயதில் தொடங்குகின்றனர், எத்தனை பேர் நிறுத்த விரும்புகின்றனர் என்பன இதில் அடங்கும். தனிமனிதர்களை வேவு பார்ப்பது என்ற பொருளில் இச்சொல் இங்கு வழங்கப்படவில்லை. காய்ச்சல் உள்ளவருக்கு உரிய இடைவெளியில் வெப்பநிலையைக் குறித்து வைப்பது போன்றதே இப்பணி.

மதிப்பீடு என்பது, ஒரு குறிப்பிட்ட நடவடிக்கை எதிர்பார்த்த பலனைத் தந்ததா என்று ஆராய்வதாகும். மாத்திரை கொடுத்த பின்னர் காய்ச்சல் தணிந்ததா, அது அம்மாத்திரையால் தணிந்ததா என்று பார்ப்பதற்கு இதனை ஒப்பிடலாம்.

உலக சுகாதார அமைப்பின் புகையிலைக் கட்டுப்பாட்டுக் கட்டமைப்பு ஒப்பந்தம் 2005 பிப்ரவரி 27 அன்று நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2004-ஆம் ஆண்டிலேயே அதற்கு ஏற்பளித்தது. ஒப்பந்தத்தின் 20-ஆம் பிரிவு, ஆராய்ச்சி, கண்காணிப்பு, தகவல் பரிமாற்றம் ஆகியவற்றை உறுப்பு நாடுகளின் கடமையாக வகுக்கிறது. இந்தியாவில் 2003-ஆம் ஆண்டில் சிகரெட் மற்றும் பிற புகையிலைப் பொருட்கள் சட்டம் இயற்றப்பட்டது. 2007-08-இல் தேசியப் புகையிலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கப்பட்டது. இவை பலன் அளிக்கின்றனவா என்பதைக் கண்காணிப்பும் மதிப்பீடும் இன்றி அறிய இயலாது.

தரவுகள் எங்கிருந்து பெறப்படுகின்றன?

ஒரே மூலத்திலிருந்து முழுமையான விவரம் கிடைப்பதில்லை. முதன்மையான மூலங்கள் பின்வருமாறு:

1. உலகளாவிய வயதுவந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பு. 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களிடம் நடத்தப்படுவது. இந்தியாவில் முதற்சுற்று 2009-10-இலும் இரண்டாம் சுற்று 2016-17-இலும் நடைபெற்றன. இரண்டாம் சுற்றில் 74,037 பேர் நேரில் விசாரிக்கப்பட்டனர். தெரிவு செய்யப்பட்ட ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டு, அவரிடமே கேள்விகள் கேட்கப்பட்டன.

2. உலகளாவிய இளையோர் புகையிலைக் கணக்கெடுப்பு. பள்ளிகளில் பயிலும் 13 முதல் 15 வயது வரையிலான மாணவர்களைப் பற்றியது. மாணவர்கள் பெயர் எழுதாமல் விடைத்தாளில் தாமே பதிலளிப்பர். இவ்வயதினரிடையே புகையிலைப் பயன்பாடு 2009-இல் 14.6 விழுக்காடாக இருந்து, 2019-இல் 8.5 விழுக்காடாகக் குறைந்துள்ளது.

3. தேசியக் குடும்ப நல ஆய்வு. தாய்சேய் நலம், ஊட்டச்சத்து ஆகியவற்றுடன் புகையிலை குறித்தும் தகவல் திரட்டுகிறது. 2019-21-இல் நடைபெற்ற ஐந்தாம் சுற்றின்படி, 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் 38.0 விழுக்காட்டினரும் பெண்களில் 8.9 விழுக்காட்டினரும் ஏதேனும் ஒரு வகைப் புகையிலையைப் பயன்படுத்துகின்றனர்.

4. புற்றுநோய்ப் பதிவேடுகள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1981-ஆம் ஆண்டில் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. தொடக்கத்தில் இடம்பெற்ற நகரங்களுள் சென்னையும் ஒன்று. 2020-ஆம் ஆண்டில் நாட்டில் ஏற்படும் புற்றுநோய்களில் 27.1 விழுக்காடு புகையிலையுடன் தொடர்புடையவை என்று இத்திட்டத்தின் அறிக்கை மதிப்பிட்டது.

5. சிகிச்சைப் பதிவுகள். புறநோயாளிப் பிரிவு, காசநோய்ச் சிகிச்சை மையம், புகையிலை நிறுத்த மையம், கட்டணமில்லா உதவி எண் ஆகியவற்றில் பதிவாகும் விவரங்கள். எத்தனை பேர் உதவி நாடினர், அவர்களுள் எத்தனை பேர் தொடர்ந்து விலகியிருந்தனர் என்பதை இவை காட்டுகின்றன.

6. சட்ட நடைமுறை குறித்த கள ஆய்வுகள். பொது இடங்களில் ‘புகைபிடிக்கக் கூடாது’ என்ற அறிவிப்புப் பலகை உள்ளதா, கல்வி நிறுவனங்களிலிருந்து 100 கெஜத் தொலைவுக்குள் புகையிலை விற்கப்படுகிறதா, 18 வயது நிரம்பாதவர்களுக்கு விற்கப்படுகிறதா என்பனவற்றை நேரில் சென்று சரிபார்த்தல்.

இவற்றுள் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரம்பு உண்டு. பள்ளிக் கணக்கெடுப்பில் படிப்பை இடைநிறுத்திய சிறுவர்கள் இடம்பெறுவதில்லை. மருத்துவமனைப் பதிவுகளில் நோயுற்று வந்தவர்கள் மட்டுமே இடம்பெறுகின்றனர். புகையிலையால் விளையும் புற்றுநோய் பெரும்பாலும் பல ஆண்டுகள் கழிந்த பின்னரே வெளிப்படுவதால், இன்றைய பதிவேடு பெரிதும் முந்தைய தலைமுறையின் பழக்கத்தையே காட்டுகிறது. இக்காரணத்தாலேயே பல மூலங்களும் சேர்த்துப் பார்க்கப்படுகின்றன.

‘புகைப்பீர்களா?’ என்ற ஒரு கேள்வி ஏன் போதாது?

புகையிலை என்றவுடன் சிகரெட்டே பலருக்கும் நினைவுக்கு வருகிறது. ஆனால் இந்தியாவின் நிலை வேறு. 2016-17 கணக்கெடுப்பின்படி, வயதுவந்தோரில் 10.7 விழுக்காட்டினர் புகைக்கின்றனர். 21.4 விழுக்காட்டினர் மெல்லுதல், உறிஞ்சுதல், ஈறுகளில் தேய்த்தல் முதலிய வழிகளில் புகையில்லாப் புகையிலையைப் பயன்படுத்துகின்றனர். அதாவது, புகைப்போரைப் போல் ஏறத்தாழ இரு மடங்கினர். சிலர் இரண்டையும் பயன்படுத்துகின்றனர்.

புகைப்போரிலும் சிகரெட்டை விடப் பீடியே மிகுதி. வயதுவந்தோரில் 7.7 விழுக்காட்டினர் பீடியும், 4.0 விழுக்காட்டினர் சிகரெட்டும் புகைக்கின்றனர். எனவே, ‘சிகரெட் பிடிப்பீர்களா?’ என்று மட்டும் கேட்டால் புகையிலைப் பயனாளிகளில் பெரும்பகுதியினர் ‘இல்லை’ என்று உண்மையாகவே பதிலளிப்பர். அவர்களுக்கு எச்சரிக்கையும் கிடைக்காது, உதவியும் கிடைக்காது.

பெண்களைப் பொறுத்தவரை இந்த இடைவெளி மேலும் பெரிது. அவர்கள் பெரும்பாலும் பயன்படுத்துவது மெல்லும் வகையையே. வயதான பெண்மணி ஒருவர் நாள்தோறும் நான்கைந்து முறை வெற்றிலை பாக்குடன் புகையிலை சேர்த்து மென்றாலும், வீட்டில் எவரும் அதனைப் புகையிலைப் பழக்கமாகக் கருதுவதில்லை. வாய்ப் புண் ஆறாமல் மருத்துவரிடம் செல்லும்போதும் ‘புகைப் பழக்கம் இல்லை’ என்றே குறிப்பில் பதிவாகி விடுகிறது.

எனவே முறையான கணக்கெடுப்புகளில் ஒவ்வொரு வகையும் பெயர் சொல்லிக் கேட்கப்படுகிறது: பீடி, சிகரெட், சுருட்டு, வெற்றிலையுடன் புகையிலை, குட்கா, கைனி, மூக்குப்பொடி, புகையிலை கலந்த பல்பொடி. உங்களிடம் பொதுவாகக் கேட்கப்பட்டாலும், நீங்கள் பயன்படுத்தும் வகையைப் பெயர் குறிப்பிட்டுச் சொல்லுங்கள்.

எண்களை எவ்வாறு படிப்பது?

புகையிலை குறித்த புள்ளிவிவரங்கள் செய்திகளில் அடிக்கடி வெளியாகின்றன. அவற்றைப் புரிந்துகொள்ள நான்கு குறிப்புகள் உதவும்.

விழுக்காட்டுக் குறைவு இரு வகைப்படும். இந்தியாவில் வயதுவந்தோரின் புகையிலைப் பயன்பாடு 2009-10-இல் 34.6 விழுக்காடு, 2016-17-இல் 28.6 விழுக்காடு. நேரடியாகக் கழித்தால் குறைவு 6 புள்ளிகள். முன்பிருந்த அளவோடு ஒப்பிட்டால் குறைவு ஏறத்தாழ 17 விழுக்காடு. இரண்டும் சரியே. 2017-ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கை, 2025-க்குள் 30 விழுக்காடு ஒப்பீட்டுக் குறைவை இலக்காக வைத்தது. அதன் பொருள் 34.6-லிருந்து 30-ஐக் கழிப்பதன்று, 34.6 என்பது ஏறத்தாழ 24 ஆகக் குறைய வேண்டும் என்பதாகும்.

விழுக்காடு வேறு, எண்ணிக்கை வேறு. அதே ஏழாண்டுகளில் புகையிலைப் பயனாளிகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 81 லட்சம் குறைந்தது. விழுக்காட்டுக் குறைவைப் பார்க்கும்போது இது சிறிதாகத் தோன்றலாம். மக்கள்தொகை பெருகியதே இதற்குக் காரணம். 2016-17-இலும் ஏறத்தாழ 26.7 கோடிப் பேர் புகையிலையைப் பயன்படுத்தி வந்தனர். மருத்துவமனைகளும் ஆலோசனை மையங்களும் ஆயத்தமாக வேண்டியது இந்த எண்ணிக்கைக்கே.

சராசரி எல்லா இடங்களையும் காட்டாது. நாடு முழுவதும் பயன்பாடு குறைந்த அதே காலத்தில், தமிழ்நாட்டில் அது 16.2 விழுக்காட்டிலிருந்து 20.0 விழுக்காடாக உயர்ந்ததை அக்கணக்கெடுப்பு காட்டியது. தேசியச் சராசரியை விடத் தமிழ்நாட்டின் அளவு குறைவே. ஆயினும் அது சென்ற திசை வேறு. மாநில அளவில் தனியே கணக்கிடாமல் இருந்திருந்தால் இது கவனத்துக்கு வந்திராது.

இரு ஆய்வுகளை ஒப்பிடும்போது முறையைக் கவனிக்க வேண்டும். சில ஆய்வுகளில் வீட்டிலுள்ள ஒருவரே மற்ற உறுப்பினர்கள் அனைவரைப் பற்றியும் பதில் கூறுகிறார். வேறு சிலவற்றில் ஒவ்வொருவரும் தம்மைப் பற்றித் தாமே கூறுகின்றனர். மகன் மறைவாகப் புகைப்பதைத் தாய் அறியாதிருக்கலாம். மாமியார் புகையிலை மெல்லுவதைச் சொல்ல மருமகள் தயங்கலாம். ஆண்டு, வயது வரம்பு, கேள்வியின் சொற்கள் ஆகியன மாறினாலும் விடை மாறும். எனவே ஓர் ஆய்வின் எண்ணை அதே ஆய்வின் முந்தைய சுற்றோடு ஒப்பிடுவதே முறையாகும்.

ஒரு நடவடிக்கை பலன் தந்ததா என்று எவ்வாறு அறிவது?

புகையிலைப் பொட்டலங்களில் அச்சிடப்படும் எச்சரிக்கைப் படங்களை எடுத்துக்கொள்வோம். இந்தியாவில் இவை 2009 மே 31 முதல் நடைமுறையில் உள்ளன. 2016 ஏப்ரல் 1 முதல் பொட்டலத்தின் முதன்மைப் பரப்பில் 85 விழுக்காடு அளவுக்கு எச்சரிக்கை பெரிதாக்கப்பட்டது. இந்நடவடிக்கையைப் படிப்படியாக மதிப்பிடலாம்.

முதற்படி: சட்டம் நடைமுறைக்கு வந்ததா? கடைகளில் விற்கப்படும் பொட்டலங்களில் உரிய படம், உரிய அளவில் உள்ளதா என்று சரிபார்க்கப்படுகிறது.

இரண்டாம் படி: அது மக்களின் எண்ணத்தை மாற்றியதா? எச்சரிக்கையைப் பார்த்து நிறுத்த எண்ணியதாகக் கூறிய சிகரெட் புகைப்போர் 2009-10-இல் 38.0 விழுக்காடு, 2016-17-இல் 61.9 விழுக்காடு. பீடி புகைப்போரில் இது 29.3-லிருந்து 53.8 விழுக்காடாகவும், புகையில்லாப் புகையிலையைப் பயன்படுத்துவோரில் 33.8-லிருந்து 46.2 விழுக்காடாகவும் உயர்ந்தது.

மூன்றாம் படி: எண்ணம் செயலானதா? 2016-17 கணக்கெடுப்பில், முந்தைய 12 மாதங்களில் நிறுத்த முயன்றதாகக் கூறியோர் புகைப்போரில் 38.5 விழுக்காடு; புகையில்லாப் புகையிலையைப் பயன்படுத்துவோரில் 33.2 விழுக்காடு. நிறுத்த எண்ணுவோருக்கும் நிறுத்த முயல்வோருக்கும் இடையே பெரிய இடைவெளி உள்ளதை இது காட்டுகிறது. முயன்றவர்களிலும் பெரும்பாலோர் ஆலோசனையோ மருந்தோ இன்றித் தாமாகவே முயன்றனர்.

நான்காம் படி: நோய் குறைந்ததா? இதனை அறியப் பல ஆண்டுகள் ஆகும்.

எண்ணத்தில் ஏற்பட்ட மாற்றம் முழுவதும் எச்சரிக்கைப் படத்தால் மட்டுமே விளைந்தது என்று கூறிவிட இயலாது. அதே காலத்தில் பல மாநிலங்களில் குட்கா தடை செய்யப்பட்டது, விழிப்புணர்வு விளம்பரங்கள் வெளியாயின, விலையும் மாறியது. எது எவ்வளவு பங்களித்தது என்று பிரித்தறிவதே மதிப்பீட்டின் கடினமான பகுதி.

மதிப்பீடு வெற்றிகளை மட்டும் காட்டுவதன்று. வீட்டில் பிறர் விடும் புகைக்கு ஆளாவோர் 52.3 விழுக்காட்டிலிருந்து 38.7 விழுக்காடாகக் குறைந்தனர். ஆனால் உள்ளரங்கப் பணியிடங்களில் இது 29.9-லிருந்து 30.2 விழுக்காடாக, ஏறத்தாழ மாறாமலே இருந்தது. பொது இடங்களிலும் பணியிடங்களிலும் புகைப்பதைத் தடுக்கும் விதிகள் 2008 அக்டோபர் 2 முதல் நடைமுறையில் இருந்தும் இதுவே நிலை. சட்டம் உள்ளது, பணியிடங்களில் அதன் அமலாக்கம் போதவில்லை என்பது இதனால் தெரிய வருகிறது.

எச்சரிக்கையைப் பார்த்து நிறுத்த விரும்புவோர் எங்கே உதவி பெறுவது? இக்கேள்விக்கு விடையாக, 2018 செப்டம்பர் 1 முதல் பொட்டலங்களில் கட்டணமில்லா உதவி எண்ணும் அச்சிடப்பட்டு வருகிறது. நிறுத்த விரும்புபவரின் கையில் அந்த எண் அவர் வாங்கும் பொட்டலத்தின் வழியாகவே சேர்கிறது.

மருத்துவரின் கேள்வி: நோயாளிகள் அறிய வேண்டியவை

2016-17-இல், முந்தைய ஓராண்டில் மருத்துவப் பணியாளரைச் சந்தித்த புகைப்போரில் 48.8 விழுக்காட்டினருக்கு மட்டுமே நிறுத்துமாறு அறிவுரை கிடைத்தது. புகையில்லாப் புகையிலையைப் பயன்படுத்துவோரில் 31.7 விழுக்காட்டினருக்கு மட்டுமே அது கிடைத்தது. மருத்துவர் கேட்கவில்லையெனில் நீங்களே சொல்லலாம். கேட்டால் மறைக்காதீர்கள். அதற்கான காரணங்கள்:

• புகைத்தல் சில மருந்துகளின் அளவை உடலில் மாற்றுகிறது. சுவாச நோய்க்கு அளிக்கப்படும் தியோஃபிலின் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. புகைப்பதை நிறுத்தும்போது இரத்தத்தில் அதன் அளவு உயரலாம். மருந்தின் அளவை மருத்துவர் மாற்றியமைக்க வேண்டியிருக்கும்.

• அறுவைச் சிகிச்சைக்குப் பின் காயம் ஆறுவதைப் புகைத்தல் தாமதப்படுத்துகிறது. நுரையீரல் சிக்கல்களையும் மிகுவிக்கிறது.

• காசநோய் ஏற்படவும், சிகிச்சைக்குப் பின் மீண்டும் வரவும் உள்ள வாய்ப்பைப் புகைத்தல் கூட்டுகிறது. இதனாலேயே காசநோய்ச் சிகிச்சையின்போது புகையிலைப் பழக்கம் குறித்துக் கேட்கப்படுகிறது.

• வாய், தொண்டைப் புற்றுநோய்க்குக் கதிரியக்கச் சிகிச்சை பெறும்போது தொடர்ந்து புகைப்பது சிகிச்சையின் பலனைக் குறைக்கிறது.

மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை ஐந்து: எந்த வகை, ஒரு நாளைக்கு எத்தனை முறை, எத்தனை ஆண்டுகளாக, கடைசியாகப் பயன்படுத்தியது எப்போது, முன்பு நிறுத்த முயன்றதுண்டா. சிகரெட் புகைப்போருக்கு மருத்துவர் ‘பாக்கெட் ஆண்டு’ என்ற கணக்கை எழுதலாம். நாளொன்றுக்கு 20 சிகரெட் கொண்ட ஒரு பாக்கெட்டை ஓராண்டு புகைத்தால் அது ஒரு பாக்கெட் ஆண்டு. நாளொன்றுக்கு 10 வீதம் 20 ஆண்டுகள் புகைத்திருந்தால் 10 பாக்கெட் ஆண்டுகள்.

சில மையங்களில் பரிசோதனையும் செய்யப்படலாம். ஒரு கருவியில் மூச்சை ஊதச் செய்து கார்பன் மோனாக்சைடு அளவைக் கணக்கிடுவது ஒரு முறை. அண்மையில் புகைத்தவர்களை மட்டுமே இது காட்டும். மெல்லும் புகையிலையைக் காட்டாது. நிகோடின் உடலில் சிதைந்து உருவாகும் கோட்டினைன் என்ற பொருளைச் சிறுநீரிலோ உமிழ்நீரிலோ இரத்தத்திலோ கண்டறிவது மற்றொரு முறை. இது இரு வகைப் புகையிலையையும் காட்டும். ஆனால் நிகோடின் சூயிங்கம் அல்லது ஒட்டுப்பட்டை பயன்படுத்துவோருக்கும் கோட்டினைன் காணப்படும். ஆகவே அத்தகைய சிகிச்சையில் இருந்தால் முன்னரே தெரிவித்து விடுங்கள்.

நிறுத்திய பின்னர் ஒரு வாரம், ஒரு மாதம், ஆறு மாதம் என்ற இடைவெளிகளில் உங்களைத் தொடர்புகொண்டு கேட்கலாம். மீண்டும் தொடங்கியிருந்தால் அதனையும் அப்படியே சொல்லுங்கள். பலர் ஒன்றுக்கு மேற்பட்ட முயற்சிகளுக்குப் பின்னரே நிலையாக நிறுத்துகின்றனர். ‘நிறுத்திவிட்டேன்’ என்று தவறாகச் சொன்னால், உங்களுக்குத் தேவையான அடுத்த உதவி கிடைக்காமல் போகும்; பலன் தராத முறையும் பலன் தந்ததாகக் கணக்கில் ஏறிவிடும்.

உடனிருப்போர் கவனத்திற்கு

நோயாளியை அழைத்து வரும் உறவினரே பல வேளைகளில் கேள்விகளுக்குப் பதில் கூறுகிறார். புகையிலை பற்றிய கேள்விக்கு நோயாளியே பதில் கூற இடம் கொடுங்கள். பிள்ளைகள், மருமக்கள் முன்னிலையில் சொல்லத் தயங்கும் முதியவர்களுக்கு, மருத்துவரிடம் தனியே பேசும் வாய்ப்பை ஏற்படுத்தித் தாருங்கள். நோயாளி பேச இயலாத நிலையில் இருந்தால், நீங்கள் அறிந்ததை மட்டும் கூறி, அறியாததை ‘தெரியாது’ என்று தெரிவியுங்கள். ‘இல்லை’ என்பதும் ‘தெரியாது’ என்பதும் ஒன்றல்ல.

வீட்டில் புகைப்பவர் நோயாளி அல்லாதவராகவும் இருக்கலாம். ஆஸ்துமா உள்ள குழந்தை, கர்ப்பிணி, இதய நோயாளி ஆகியோர் உள்ள வீட்டில் யாரேனும் புகைத்தால் அதனையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். வளரிளம் பருவத்தினர் உள்ள வீடுகளில் கூடுதல் கவனம் தேவை. 2019-ஆம் ஆண்டுப் பள்ளிக் கணக்கெடுப்பில், சிகரெட் புகைத்த மாணவர்களில் 38 விழுக்காட்டினரும், பீடி புகைத்தவர்களில் 47 விழுக்காட்டினரும் பத்து வயது நிறைவதற்கு முன்பே தொடங்கியதாகக் கூறியுள்ளனர்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கணக்கெடுப்பாளர் வீட்டிற்கு வந்தால் என்ன செய்ய வேண்டும்?
அவருடைய அடையாள அட்டையையும், ஆய்வை நடத்தும் நிறுவனத்தின் பெயரையும் கேட்டறியுங்கள். ஆய்வின் நோக்கத்தை விளக்கி உங்கள் ஒப்புதலைப் பெற்ற பின்னரே அவர் கேள்விகளைத் தொடங்க வேண்டும். விருப்பமில்லாத கேள்விக்குப் பதில் கூறாதிருக்கவும், இடையில் நிறுத்தவும் உங்களுக்கு உரிமை உண்டு. வங்கிக் கணக்கு எண், கடவுச்சொல் போன்றவை இத்தகைய ஆய்வுகளுக்குத் தேவையில்லை.

என் வீட்டில் யாரும் புகையிலை பயன்படுத்துவதில்லை. நான் ஏன் பதிலளிக்க வேண்டும்?
பயன்படுத்தாதவர்களின் பதில் இன்றி விழுக்காட்டைக் கணக்கிட இயலாது. மேலும், பிறர் விடும் புகைக்கு ஆளாகிறீர்களா, விளம்பரங்களைக் காண்கிறீர்களா, எச்சரிக்கைகளைக் கவனித்தீர்களா என்பன உங்களுக்கும் உரிய கேள்விகள்.

பழக்கம் இருப்பதாகச் சொன்னால் அபராதம் விதிப்பார்களா?
இல்லை. கணக்கெடுப்பு என்பது அமலாக்க நடவடிக்கை அன்று. பொது இடத்தில் புகைப்பதே அபராதத்திற்குரிய செயல். அதற்கென அதிகாரம் பெற்ற அலுவலர்களே அதனை விதிக்க இயலும். கணக்கெடுப்பு முடிவுகள் தொகுத்தே வெளியிடப்படுகின்றன. தனிநபர் பெயர்கள் வெளியிடப்படுவதில்லை.

பல ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறேன். இனி நிறுத்துவதால் பயன் உண்டா?
உண்டு. புகைப்பதை நிறுத்திய ஓராண்டில் இதயத் தமனி நோய் அபாயம் தொடர்ந்து புகைப்பவருடையதில் ஏறத்தாழ பாதியாகக் குறைகிறது. பத்தாண்டுகளில் நுரையீரல் புற்றுநோய் அபாயம் ஏறத்தாழ பாதியாகக் குறைகிறது. நோய் கண்டறியப்பட்ட பின்னர் நிறுத்துவதும் சிகிச்சைக்குத் துணை செய்கிறது.

நினைவில் கொள்க

• பீடி, சிகரெட் மட்டுமல்லாமல், வெற்றிலையுடன் சேர்க்கும் புகையிலை, குட்கா, கைனி, மூக்குப்பொடி ஆகியவையும் புகையிலைப் பழக்கமே.
• மருத்துவரிடம் வகை, அளவு, ஆண்டுகள் ஆகியவற்றைத் தெளிவாகச் சொல்லுங்கள்.
• நிறுத்த முயன்று தோல்வியுற்றிருந்தால் அதனையும் சொல்லுங்கள். அடுத்த முயற்சிக்கான உதவி அதிலிருந்தே தொடங்குகிறது.
• ஆறாத வாய்ப் புண், வாயில் வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாய் திறப்பதில் சிரமம், இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் இருமல் ஆகியவை இருந்தால் தாமதமின்றி மருத்துவரை அணுகுங்கள்.

புகையிலையை நிறுத்த விரும்புவோர் தேசியக் கட்டணமில்லா உதவி எண் 1800-11-2356-ஐ அழைத்து ஆலோசனை பெறலாம். அரசு மருத்துவமனைகளில் செயல்படும் புகையிலை நிறுத்த மையங்களையும், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தையும் அணுகலாம். இப்பக்கத்தில் உள்ள தகவல்கள் பொது விழிப்புணர்வுக்கானவை. உங்கள் மருந்துகளையோ சிகிச்சையையோ மாற்றுவதற்கு முன் மருத்துவரின் ஆலோசனையைப் பெறுங்கள்.